ஏழு ரூபாய்ச் சூடு

இஸ்திரிக்காரிக்கு வாட்ச்மேன் தர வேண்டிய பாக்கி நூற்று அறுபத்தெட்டு ரூபாய். சட்டைக்கு ஏழு ரூபாய், இருபத்து நான்கு நாள். காண்டிராக்டர் சம்பளத்தை இழுத்தடித்ததில் வந்த கடன். அவளுக்கு எழுத வராது. தள்ளுவண்டியின் பக்கப் பலகையில் நாளுக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருந்தாள்.

மூன்று நாளாக அவர் அவள் இருக்கும் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது? சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய் ஆறு மணிக்குத் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்தார். ஸ்வெட்டர் இருந்தது, பிரசவம் முடிந்து கிளம்பிய மகளுக்குப் போர்த்தி அனுப்பியாயிற்று. பனி இறங்க இறங்கப் பற்கள் தந்தியடித்தன.

நான்காம் நாள் சாயங்காலம் சந்தில் திரும்பினால், தள்ளுவண்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

“என்னண்ணே, ஊரைச் சுத்திப் பாக்கக் கிளம்பிட்டீங்களா?”

“இந்தப் பக்கம் ஒரு வேலைம்மா.”

“மூணு நாளா அதே வேலையா? கொண்டாங்க சட்டையை.”

“காசு இன்னும் கைக்கு வரல.”

“காசையா கேட்டேன்? சட்டையைக் கேட்டேன்.”

பையிலிருந்து யூனிஃபார்ம் சட்டையை எடுத்துக் கொடுத்தார். அவள் விரித்தாள். கையைத் தடவினாள், காலரைத் திருப்பினாள்.

“ஒரு சுருக்கம்கூட இல்லியே. வீட்டுல இஸ்திரிப் பெட்டி வாங்கியாச்சா?”

“பாய்க்கு அடியில வச்சுத்தான் படுப்பேன். எப்பவுமே அப்படித்தான்.”

“அவசரத்துல நான் கவனிக்கவே இல்ல. அப்ப இத்தனை நாளா எதுக்குண்ணே ஏழு ரூபாய்?”

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சூட்டுக்குத்தாம்மா. சுடச்சுடப் போட்டுக்கிட்டுப் போனா, கூண்டுல உக்கார்ற வரைக்கும் முதுகு கதகதன்னு இருக்கும். ஆறிப்போனாலும் அந்த நெனப்புல கொஞ்ச நேரம் ஓடிரும்.”

அவள் இஸ்திரிப் பெட்டியைத் திறந்தாள். பெட்டிக்குள் கரியை ஊதிவிட்டு, சட்டையின் முதுகில் நிதானமாக நாலு தடவை ஓட்டினாள். மார்புப் பக்கம் இரண்டு தடவை.

“சீக்கிரம் மாட்டுங்க, ஆறிரப் போகுது.”

பனியன்மேல் மாட்டிக்கொண்டார். தோளில் தொடங்கிய சூடு இடுப்புவரை இறங்கியது. பித்தான் ஒன்று தொண்டைக்குழியில் பட்டுச் சுரீரென்றது. அந்தச் சுரீர்கூட அவருக்குப் பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

திறந்து பார்த்தால், அவள் தண்ணீர் தெளிக்கிற துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கணக்கு...”

“சுருக்கம் எடுத்தாத்தான் எனக்குக் கூலி. நான் எடுத்த சுருக்கம் எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம். நீங்க வந்தாலும் வராட்டியும் என் கரி எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்.”

“சம்பளம் வந்ததும்...”

“வந்தா முதல்ல ஒரு ஸ்வெட்டர் வாங்குங்க. அதுக்கு நான் இஸ்திரி போட மாட்டேன். நாளைக்கு நேர் வழியா வாங்க, வண்டியை இங்க தள்ளிட்டு வந்து எனக்கு இடுப்பு போச்சு.”

பலகையில் ஒரு கோடுகூட மிச்சமில்லை. ஈரம் மட்டும் இருந்தது. சட்டை ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று அவர் காலை எட்டிப் போட்டு நடந்தார்.