யாதவகிரிக் குளத்தில் யார் இறங்கினார்

1

இந்தக் கதையைத் தொடங்கும்போது பழனாத்தாள் திரும்பி வர இன்னும் நாற்பத்து மூன்று மணி நேரம் இருக்கிறது. இன்று செவ்வாய், பிற்பகல் மூன்று மணி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு சிறிய தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். போர்வெல் தண்ணீர், ஓட்டல் தண்ணீர், குழாய்த் தண்ணீர் என்று தினமும் பாட்டில்கள் வரும். குடிக்கலாமா கூடாதா என்று கேட்பார்கள். அதற்கு மேல் தண்ணீரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இன்று மதியம் முப்பது வயதிருக்கும் ஒரு பெண் மஞ்சள் பையிலிருந்து ஸ்குவாஷ் பாட்டில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங், இந்தத் தண்ணியில யாராச்சும் எறங்கிக் குளிச்சாங்களான்னு பார்த்துச் சொல்ல முடியுங்களா?"

பின்னாலிருந்து எங்கள் முதலாளி நஞ்சுண்டசாமி எட்டிப் பார்த்தார். தமிழையும் கன்னடத்தையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்.

"ஏனம்மா, தண்ணிகிட்ட சாட்சி கேக்கறியா? கிருமி இருந்தா சொல்லும். பொம்பளை இருந்தா தண்ணிக்கு ஏனு கொத்து, என்ன தெரியும்?"

அவள் சிரிக்கவில்லை. "பேரெல்லாம் வேண்டாமுங். ஒருத்தரா ரெண்டு பேரான்னு சொன்னாப் போதும்."

எத்தனை பேர் என்பது முடியாது. ஆள் இறங்கினார்களா என்பது ஓரளவு முடியும். மனிதர் இறங்கிய தண்ணீரில் வேர்வை தங்கும், வேர்வைக்குச் சோதனை உண்டு. தலையாட்டினேன். அறிக்கையைத் தட்டச்சு செய்து தருவோம் என்று முதலாளி சொன்னபோது அவள் மறுத்தாள். காகிதம் வீட்டுக்குப் போனால் புருஷன் கண்ணில் பட்டுவிடும்.

"இந்தப் புள்ளையே வாயால சொல்லட்டுமுங்."

சிக்கல் அங்கேதான். எழுதச் சொன்னால் எழுதுவேன். பி.எஸ்ஸி. இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில், விடை தெரிந்தும், தேர்வாளரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். பத்து நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டியதற்கு வியாழக்கிழமைவரை அவகாசம் கேட்டதும் நான்தான்.

அவள் போனதும் சோதித்துவிட்டேன். முடிவு தெரியும். உங்களுக்கு இப்போது சொல்ல மாட்டேன். அவளுக்குச் சொல்லாததை முதலில் உங்களுக்குச் சொல்வது முறையில்லை.

2

[தொடக்கம் ஒன்று: "மைசூரில் சொந்தமாக நீச்சல் குளம் வைத்திருக்கும் வீடுகள் மிகக் குறைவு. அதில் ஒரு வீடு மனிஷாவுடையது." கைவிட்டேன். வாக்கியம் அவளிடம் போய் முடிகிறது. முதல் வரியிலேயே அவள் ஜெயித்துவிடுகிறாள்.]

[தொடக்கம் இரண்டு: "ரத்தினவேல் நல்லவன்." எழுதியவுடனே சந்தேகம் வந்துவிட்டது. நல்லவனை யாரும் இப்படி அறிமுகப்படுத்துவதில்லை.]

மூன்றாவதாக இப்படித் தொடங்குகிறேன். பாதி பழனாத்தாள் சொன்னது, மீதி நான் இட்டு நிரப்பியது.

குளத்துக்கு மாத்திரை போட்ட காலத்தில் ரத்தினவேல் வாரத்துக்கு ஒருநாள்தான் யாதவகிரிக்குப் போவான். அன்னூரிலிருந்து டைல்ஸ் வேலைக்கு வந்தவன். மனிஷா வீட்டுக் குளத்துக்குத் தளம் பதித்தபின், அதைப் பராமரிக்கும் வேலையும் அவனிடமே தங்கிவிட்டது. சனிக்கிழமை மிதவைப் பெட்டியில் குளோரின் மாத்திரைகளைப் போடுவான். அவை மெல்லக் கரையும். வெளிச்சம் இருக்கும்போதே மேட்டகள்ளிக்குத் திரும்பி, மனைவி பழனாத்தாளோடு டீ குடிப்பான்.

இந்தக் கோடையில், மாத்திரை போட்டும் குளம் பச்சை கட்டியது. ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விளக்கினான்.

"மாத்திரையில வெயில் தாங்கறதுக்குன்னு ஒரு மருந்து கலந்திருக்கான் புள்ள. குளோரின் தீர்ந்தாலும் அது தீராது. சேர்ந்து சேர்ந்து இப்ப குளோரினையே வேலை செய்ய விடமாட்டேங்குது. குளத்தைக் காலி பண்ணிக் குழாய்த் தண்ணி விட்டாச்சு. இனி மாத்திரை கெடையாது, ஹைப்போதான்."

"அதென்னங்?"

"குளோரினே தண்ணியா வரும், கேன்ல. வெயில்ல நிக்காது. பொழுது சாஞ்சப்புறம் ஊத்தணும், தெனமும்."

"தெனமுமா?"

"தெனமும்."

"அந்த வீட்டுல கைகால் இருக்கறவங்க யாரும் இல்லீங்களா?"

"கை வெந்துரும் புள்ள. பழக்கம் இருக்கறவன் ஊத்தோணும்."

(இங்கே ஒரு குறிப்பு. ரத்தினவேல் சொன்னதில் ஒரு பிழைகூட இல்லை. மாத்திரையிலுள்ள நிலைப்படுத்தி குளத்தில் தேங்கும், தண்ணீரை மாற்றினால்தான் குறையும். அது இல்லாத புதுத் தண்ணீரில் குளோரின் வெயிலுக்கு ஒரு பகல்கூடத் தாங்காது. என்னைக் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். ஒரு கணவன் தினமும் மாலையில் வெளியே போக இதைவிடச் சரியான காரணம் எனக்குத் தோன்றவில்லை.)

3

பதினோரு நாளாக மாலை ஐந்தரைக்குச் சைக்கிள் கிளம்புகிறது. எட்டு மணிக்குத் திரும்புகிறது.

போக வர ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். ஊற்ற எவ்வளவு நேரமாகும்? பழனாத்தாள் ஒரு குடம் தண்ணீரை வாசலில் மெதுவாகச் சாய்த்துப் பார்த்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் குடம் காலி. இன்னும் மெதுவாக ஊற்றுவாரோ என்று மறுபடியும் நிரப்பி, விரல் கனத்துக்குத் தண்ணீர் விழும்படி சாய்த்தாள். பக்கத்து வீட்டு மாதேவி செடி இல்லாத இடத்தில் ஏன் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று கேட்டாள். "சும்னே," என்றாள் இவள்.

ஹைப்போ துணியில் தெறித்தால் வெள்ளைப் பொட்டு விழுமென்று அதை விற்கும் கடைக்காரர் சொன்னார். ரத்தினவேலின் சட்டைகளைக் கொடியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் பார்த்தாள். ஒரு பொட்டு இல்லை. பொட்டு இல்லையென்றால் அங்கே சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் ஊற்றுகிறான். அப்படியே முடிவு செய்தாள். அதன்பின் அந்தக் காட்சி அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. நீலத் தண்ணீர், ஓரத்தில் வெறும் மேலோடு அவள் புருஷன். வீட்டில் இருப்பதைவிட அங்கே அழகாக இருந்தான். வீட்டில் அவனை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவன் வாங்கிவந்த மல்லிகையைக்கூடச் சந்தேகித்தாள். இரண்டு முழம் வாங்கி ஒன்றை எங்கோ கொடுத்துவிட்டு வந்திருப்பானோ என்று. மல்லிகைக்குச் சாட்சி கிடையாது. தண்ணீருக்கு உண்டு என்று யார் அவளுக்குச் சொன்னார்களோ.

இன்று காலை அவன் டைல்ஸ் வேலைக்குப் போனபின் யாதவகிரிக்குப் போனாள். பக்கவாட்டுக் கேட் திறந்திருந்தது. மாடியில் ஒரு பெண், குளத்துக்கு முதுகைக் காட்டியபடி, தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பழனாத்தாள் குனிந்து பாட்டிலை முக்கியெடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

என்னிடம் அவள் சொன்னது இதுதான்: "முடி இடுப்புக்குக் கீழ வருதுங். பட்டப்பகல்ல ஈரத்தலை. எதுக்குங் ஈரமாவுது?"

[குளியலறையிலும் தலை ஈரமாகும் என்று ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். அதை விட்டுவைத்தால் கதை இங்கேயே முடிந்துவிடும்.]

4

மனிஷாவை நான் பார்த்ததில்லை. என்னிடம் இருப்பது ஒரு பெயரும் ஈர முடியும். அதை வைத்துக்கொண்டு அவளை மூன்று முறை எழுதினேன்.

முதல் முறை அவளுக்கு எடுப்பான பல் கொடுத்தேன். பழனாத்தாளுக்காகத்தான். படித்துப் பார்த்தால் மலிவாக இருந்தது. இரண்டாம் முறை பல்லைச் சரிசெய்து, பம்பாயில் படித்தவளாக்கினேன். மூன்றாம் முறை அவள் குளத்திலிருந்து ஏறி வந்து "ஸ்வல்ப டவல் கொடுங்க" என்றாள். ரத்தினவேல் பார்க்காமல் கொடுத்தான். [பார்த்தான்.] [பார்க்காமல்தான் கொடுத்தான், ஆனால் அவளுடைய

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் தோளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பேனா அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது. பார்த்தே இராத ஒருத்திமேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம்?

நான்காம் முறை அவளை எழுதாமல் யோசித்தேன். மனிஷாமேல் எனக்குப் பொறாமை இல்லை. அது பழனாத்தாளிடமிருந்து இரவல் வாங்கியது. என் சொந்தப் பொறாமை பழனாத்தாள்மேல்தான். இரண்டு பஸ் மாறி வந்து, முன்பின் தெரியாத இருவர் எதிரே, அப்படி ஒரு கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்டாள். கேட்பதற்கு அவளுக்கு ஒருவன் இருக்கிறான். ஊர்த் தண்ணீரெல்லாம் என் மேசைக்கு வருகிறது. என்னுடையது என்று நான் எங்கும் எடுத்துக்கொண்டு போக ஒரு பாட்டில் இல்லை.

இதை எழுதியிருக்க வேண்டாம். இருக்கட்டும்.

5

முடிவுகள்.

முதலாவது: ரத்தினவேல் ரகசியமாக நீச்சல் கற்றுக்கொள்கிறான். குளத்து வேலை பார்க்கிறவனுக்கு நீச்சல் தெரியாது என்ற வெட்கம். கற்றுக்கொடுப்பது மனிஷா வீட்டுச் சமையற்காரர். கடைசி வரியில் பழனாத்தாள் சிரிக்கிறாள். வார இதழில் போடுவார்கள். எழுதியும் பார்த்தேன். பழனாத்தாள் சிரிக்க மறுத்துவிட்டாள்.

இரண்டாவது: "தண்ணீர் சுத்தம், யாரும் இறங்கவில்லை" என்று சொல்லிவிடுவது. அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். நான்கு நாள்கூட அந்த நிம்மதி நிற்காது. பிறகு அந்தக் குளமே காட்டிக்கொடுத்துவிடும். எப்படியென்று இப்போது சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.

மூன்றாவது: ஒன்றும் சொல்லாமலிருப்பது. பாட்டில் உடைந்துவிட்டது என்று முதலாளியைச் சொல்லச் சொல்வது. புதன்கிழமை கேட்டும் பார்த்தேன்.

"எனக்கு எதுக்கம்மா பொய் பாவம்?" என்றார் நஞ்சுண்டசாமி. "அவ உன் வாயைத்தானே கேட்டா. என் வாயை வாடகைக்கு விடறதில்ல."

6

வியாழக்கிழமை. பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டாள். தலை நிறையப் பூ. சண்டைக்குத் தயாராக வந்திருக்கிறாள் என்று தோன்றியது. இங்கிருந்து நேராக யாதவகிரி போவதாக இருந்திருக்கும்.

"பார்த்துட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"எறங்கியிருக்காங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன். [இங்கே நிறுத்தியிருக்கலாம். உண்மையிலேயே ஒரு கணம் நிறுத்தினேன்.]

அவள் முகத்தில் நிம்மதி வரவில்லை. "நல்லாப் பார்த்தீங்களா? அவ தலை ஈரமா இருந்துச்சுங். நான் கண்ணால பார்த்தேன்."

"வேர்வை கலந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இல்லை." அப்புறம் மெதுவாகச் சொன்னேன்: "குளோரினும் இல்லை."

"அது வெயில்ல போயிருக்குமுங். பஸ்ல சன்னல் ஓரமா உக்கார்ந்து வந்தேன். வெயில்ல நிக்காதுன்னு அவரே சொல்லியிருக்காரு."

சரியாகத்தான் சொன்னாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்து, இன்னொரு சோதனை செய்தேன்.

"குளோரின் போயிரும். ஹைப்போ ஊத்தினா கூடவே உப்பு சேரும். அது வெயில்ல போகாது. பதினோரு நாள் ஊத்தியிருந்தா உப்பு ரெண்டு மடங்கு ஏறியிருக்கணும்."

"எவ்வளவு இருக்குதுங்?"

"நம்ம குழாய்த் தண்ணியில எவ்வளவோ அவ்வளவுதான்."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப மருந்து மட்டம். கடைக்காரன் பழசைக் குடுத்து ஏமாத்திட்டான்."

"பழைய மருந்துலயும் உப்பு இருக்கும்ங்க."

"பேச்சு சுவாரசியத்துல ஊத்த மறந்திருப்பாரு. அவ பேசிப் பேசி..."

"பாட்டிலை வெள்ளைத் தாள்மேல வெச்சுப் பாருங்க. லேசாப் பச்சை தெரியுது. தினம் குளத்துக்கிட்ட நிக்கறவர் கண்ணுல இது பட்டிருக்கும். பட்டும் விட்டுருவாரா?"

"விடமாட்டாரு." யோசிக்காமல் சொன்னாள். "வேலையில ஒரு குறை வெக்கமாட்டாருங். எங்கப்பாவே சொல்லுவாரு."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுக்குக் கேட்டது. பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அவ இருக்கறாளே அங்க," என்றாள் சின்னக் குரலில். "நான் பார்த்தனே."

மனிஷாவை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. எனக்கும்தான். மனிஷா இருந்தால் ஒரு வீடு இருக்கிறது, ஒரு கேட் இருக்கிறது, போய்க் கத்துவதற்கு ஒரு மாடி இருக்கிறது. அவளை எடுத்துவிட்டால் ஐந்தரையிலிருந்து எட்டுவரை மைசூர் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அதற்குள் ரத்தினவேல் எங்கே இருக்கிறான் என்று காட்ட என் அலமாரியில் மருந்து இல்லை.

இதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்பதை எழுதப்போவதில்லை. அன்று மாலை சைக்கிள் கிளம்பியபோது அவள் வாசலில் நின்றாளா, பின்னாலேயே போனாளா, சோறு வடித்துக்கொண்டிருந்தாளா, அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு வாக்கியம்தான் மீதி இருக்கிறது. அதையும் எழுதி முடிக்க முடியாது, சொல்லத்தான் வேண்டும்.

"சுத்தி வளைக்காதீங் கண்ணு," என்றாள் பழனாத்தாள். "அங்க என்ன நடந்திருக்குது?"

நான் அவள் செருப்பைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தேன்.

"அங்க ஒண்ணும் நடக்கலைங்க. உங்க வீட்டுக்காரர் இந்தப் பதினோரு நாள்ல ஒருநாள்கூட அந்தக் குளத்துக்குப் போகலை."