சைக்கிளிலிருந்து இறங்கும் வரை

தடுப்புக் கம்பியில் ஒரு காலை ஊன்றி எக்கி, தூரத்தில் வரும் ஹெல்மெட் மஞ்சள்தானா என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மச்சான். மனைவியின் அண்ணன் காலை நேரத்தில் போன் செய்கிற ஆளில்லை; எதுவானாலும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சாவகாசமாகப் பேசுகிறவர்.

"மாப்ள, அப்பா போயிட்டாரு."

"எங்க?" என்றான். கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது.

"நல்லாத்தான் இருந்தாரு. மூஞ்சி கழுவி விட்டேன், அவரே தலை சீவிக்கிட்டாரு. அம்மா டீ வாங்கப் போனாங்க, நான் கீழ மருந்துக் கடையில நிக்கிறேன். மேல ஏறி வர்றதுக்குள்ள..." மச்சானுக்கு இரைத்தது. "அவளைக் கூட்டிக்கிட்டு உடனே கிளம்புங்க."

"அவ சைக்கிள்ல இருக்கா மச்சான்."

"இறங்கச் சொல்லுங்க! அப்பா செத்துட்டாருங்கறேன், சைக்கிளாம்."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. மாமியார் பேசினாள். அழுகிற குரல் இல்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்து பேசுகிறவளைப் போல அவசரமும் நிதானமும் கலந்திருந்தது.

"மாப்பிள்ளை, அவ சைக்கிள் மேல இருக்கறப்போ சொல்லிடாதீங்க. கை உதறி விழுந்துருவா. இறங்கட்டும். இறங்கினதும் சொல்லுங்க. ஒரே நாள்ல ரெண்டு பேரை என்னால..."

"சரி அத்தை."

"சொல்லாதீங்க."

"சொல்லலை அத்தை."

போனை வைத்தபோது மஞ்சள் ஹெல்மெட் வளைவுக்கே வந்துவிட்டிருந்தது. கைப்பிடிமேல் முதுகை மடக்கிப் படுத்தபடி வந்தவள் அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். கடலில் நீந்தி ஏறிய தலைமுடி கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது.

"கண்ணாடி! அப்பா சாப்பிட்டாரா?"

அவனுக்குக் கண்ணாடிக் கடை. பார்வை சோதித்து லென்ஸ் மாட்டித் தருகிறவன். கல்யாணமான புதிதில் வைத்த பெயர், அவள் எங்கும் எவர் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவன் வலது கை தானாக உயர்ந்தது. கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது.

அவள் சிரித்துவிட்டுக் குனிந்து மிதித்தாள். அவள் போன பிறகும் கை இறங்காமல் அப்படியே இருந்தது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்றும் ஒரே நாளில். நீந்துவதே நாலு கிலோமீட்டருக்குப் பக்கம், சைக்கிள் நூற்றெண்பது, அதற்கப்புறம் நாற்பத்திரண்டு ஓட வேண்டும். முதல் தடவை இதைக் கேட்டபோது மாமனார், "ஒரே நாள்லயா? மிச்ச நாளெல்லாம் என்ன பண்ணுவீங்க, படுத்துக் கிடப்பீங்களா?" என்றார். அவர் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். "நான் காலமெல்லாம் ஜனங்களைக் கால் நோகாம ஏத்தி இறக்கினேன். என் பொண்ணு காசு கட்டிக் காலை நோக வச்சுக்கறா. எங்க போய்ச் சொல்ல!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சொல்கிற விதத்தில் புகாரா பெருமையா என்று பிரிக்க முடியாது.

அவளுக்கு வேலை போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில். நாள் பூராவும் காதில் ஹெட்போன், முகம் தெரியாதவர்களின் வசவு. முப்பத்தாறு வயதில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட உள்ளே வைக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருக்கோடிவரை ஓடித் திரும்பினாள். "என்னாச்சு?" என்று அவன் பதறியதற்கு, "ஓடினா காதுல எதுவும் கேக்கலை" என்றாள். அப்படி ஆரம்பித்ததுதான்.

போன வாரம் மாமனாருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போட்டிக்குப் போகவில்லை என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். நீர் வடிந்து அவரைப் பொது வார்டுக்கு மாற்றியதும் டாக்டர் இனிமேல் பயமில்லை என்றார். மாமனார் மூக்குக் குழாயை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "நீ இங்க உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா எனக்கு மூச்சு முட்டுது. போ, போய் மிதி." நேற்று மத்தியானம் கிளம்பி வந்தார்கள். காரில் நாலு மணி நேரப் பயணம்.

இன்னும் ஒரு சுற்று. அது முடிந்தால் அவள் இறங்கிவிடுவாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எப்படிச் சொல்வது? 'கொஞ்சம் சீரியஸா இருக்காராம்' என்று ஆரம்பிக்கலாமா? வழியில் கொஞ்சம் கொஞ்சமாக மீதியைச் சொல்லிக்கொண்டு போகலாமா? அவளிடம் அதெல்லாம் பலிக்காது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அப்படியானால் வளைவில் ஏன் கண்டுபிடிக்கவில்லை? வேகமாகப் போனாள், அதனால்தான். அந்த வேகத்தை நம்பித்தான் தன் கை உயர்ந்ததோ?

போனில் அவள் இருக்குமிடம் நீலப் புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தான். பாலத்தருகே போனதும் புள்ளி நின்றது.

சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தான். போனை அணைத்துப் போட்டான். புள்ளி அதே இடத்தில் இருந்தது. மச்சான் திரும்பத் திரும்ப அழைத்தார். அழைப்பு வந்தபோதெல்லாம் படம் மறைந்தது. வெட்டினான். அவளுக்குப் பின்னால் வந்த பச்சைச் சட்டைக்காரர் கடந்து போனார். தொப்பை வைத்த ஒரு பெரியவர்கூடக் கடந்து போனார்.

பக்கத்தில் குடை பிடித்து நின்ற பெண்ணின் கணவரும் போட்டியில் இருந்தார். அவள் போனில் பேசிவிட்டுத் திரும்பி, "பாலத்து இறக்கத்துல யாரோ லேடி விழுந்துட்டாங்களாம் சார். ஆம்புலன்ஸ் போயிருக்கு" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "நிறைய லேடீஸ் இருக்காங்கல்ல சார்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவன் ஓடினான். சைக்கிளை விட்டுவிட்டு ஓட்டத்துக்கு மாறும் மைதானம் ரொம்ப தூரமில்லை என்றாலும் போய்ச் சேர்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாசலில் வாக்கி டாக்கியோடு ஒரு பெண் நின்றாள்.

"பாலத்துக்கிட்ட விழுந்தது யாருங்க? மஞ்சள் ஹெல்மெட்டா?"

"விசாரிக்கிறேன் சார். நீங்க உக்காருங்க."

"உக்கார முடியாதுங்க. மஞ்சளான்னு மட்டும் கேளுங்க."

அவள் கேட்டாள். கரகரவென்று ஏதோ பதில் வந்தது. "சரியாக் கேக்கலை சார்."

மாமியாரின் பாதியில் நின்ற வாக்கியம் அவன் காதுக்குள் ஓடியது. அவன் சொல்லவில்லையே. சொன்னால்தானே விழுவாள்? ஒருவேளை வளைவிலேயே தெரிந்துகொண்டுவிட்டாளோ? சிரித்தது அவனுக்காகச் சிரித்ததோ? தெரிந்தே அந்த இறக்கத்தில்... வேலிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மச்சான் மறுபடி அழைத்தார். "சொல்லிட்டீங்களா" என்பதுபோல் போன் துடித்துத் துடித்து ஓய்ந்தது.

கடைசியில் மஞ்சள் ஹெல்மெட் வந்தது. வெகு மெதுவாக, நேராக, காயம் எதுவும் இல்லாமல் வந்தது. கோட்டில் இறங்கி, சைக்கிளைத் தள்ளியபடி அவனைப் பார்த்துக் கையசைத்தாள். அவனுக்கு ஒரு கணம் சிரிப்பே வந்துவிட்டது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னான். சொன்ன மறுநொடி, இப்போது சொல்லியாக வேண்டும் என்ற நினைப்பு கல்லாக வந்து உட்கார்ந்தது.

சைக்கிளைத் தாங்கியில் மாட்டிவிட்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து அவள் ஷூவை எடுத்தாள். பேச்சு தடதடவென்று வந்தது. "ஒரு பொண்ணு விழுந்துட்டா கண்ணாடி. தோள்பட்டை எலும்பு வெளிய தெரியுது. எல்லாரும் பாத்துக்கிட்டே போறாங்க. ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் உக்காந்திருந்தேன். சின்னப் பொண்ணு, என் கையை விடவே மாட்டேன்னுட்டா. நேரம் போச்சு, போகட்டும். இன்னும் முடிச்சுடலாம்."

"ஷூ போடாதம்மா."

"ஏன்?"

அவன் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டினான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்ணைத்தான் பார்த்தாள். பிறகு குனிந்து இடது கால் நாடாவை இழுத்து முடிந்தாள். மேலே இன்னொரு முடிச்சுப் போட்டாள். வலது காலையும் அப்படியே முடிந்தாள். எழுந்தாள், ஓட ஆரம்பித்துவிட்டாள்.

அவன் கயிற்றுக்கடியில் நுழைந்து பின்னால் ஓடினான். செருப்புக் கால், இறுக்கமான பேண்ட். சாலையோரம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் அவனுக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். "விடாதீங்க சார்!" என்று ஒருவர் கத்தினார்.

"எப்போ?" என்றாள் அவள், திரும்பாமல்.

"காலைல."

"காலைலன்னா?"

"நீ... கடல்லேர்ந்து ஏறி... சைக்கிள் எடுத்தப்புறம்."

அவள் காலடிச் சத்தம் மட்டும் சீராக விழுந்தது.

"வளைவுல கேட்டேனே."

அவனுக்கு மூச்சு வாங்கியது. அது ஒரு சாக்காக இருந்தது.

"கட்டைவிரலைத் தூக்கினீங்களே."

"ஆமா."

அவள் வேகம் பிடித்தாள். அத்தனை மணி நேரம் மிதித்துவிட்டு வந்த கால்களில் அது எங்கிருந்து வந்ததோ. அவனால் முடியவில்லை. ஒரு செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு விந்தி விந்தி நடந்தான். அவள் சிறுத்துக்கொண்டே போனாள். போகட்டும், ஓடி முடித்துவிட்டே வரட்டும், எடுக்கறது நாளைக்குத்தானே, அவருக்கு இனி என்ன அவசரம் என்று ஒரு மனசு சொன்னது. மச்சானிடம் என்ன சொல்வது என்று இன்னொரு மனசு கணக்குப் போட்டது.

தண்ணீர் கொடுக்கும் மேஜையருகே அவள் நின்றிருந்தாள். கையில் காகிதக் கோப்பை, குடிக்கவில்லை. அவன் நெருங்கும்போது ஒரு நடுவர் ஸ்கூட்டரில் வந்து பக்கத்தில் நிறுத்தினார்.

"சார், வெளியாள் கூட வரக் கூடாது. மேடத்தைப் போட்டியிலேர்ந்து எடுத்துருவாங்க."

"அவரை விடுங்கண்ணே," என்றாள் அவள். "நான் வீட்டுக்குப் போறேன்."

"முடியலையா மேடம்? நல்லாத்தானே வந்திருக்கீங்க. நடந்தாக்கூட முடிச்சுடலாம், நேரம் கிடக்கு."

"முடியும்ண்ணே," என்றாள். கோப்பையை மேஜையில் சிந்தாமல் வைத்தாள். "போறேன்."

காரில் அவன் சட்டையை அவள் ஈர உடைக்கு மேல் போட்டுக்கொண்டாள். அவன் பனியனோடு ஓட்டினான். அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அம்மாவுக்குப் போன் போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினாள். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு கேட்டாள்.

"யார் பக்கத்துல இருந்தாங்க?"

"அத்தை டீ வாங்கப் போயிருந்தாங்களாம். மச்சான் கீழ..."

"யாருமில்ல."

"நர்ஸ் இருந்திருப்பாங்க."

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். காற்று பேச முடியாத அளவுக்கு இரைந்தது. வீடு வரும்வரை ஏற்றவே இல்லை.

இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். மச்சான் படியில் நின்று தங்கையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவன் சட்டை, அதன் கீழே முட்டிவரை ஒட்டிய கறுப்பு உடை, சேற்று ஷூ.

"இப்பத்தான் இறங்க மனசு வந்துதா?"

"மச்சான், நான்தான் அவகிட்ட..." என்று அவன் ஆரம்பித்தான்.

"விடுடா அவளை," என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "உள்ள வரட்டும்."

அவள் ஷூவைக் கழற்றினாள். இரட்டை முடிச்சு ஈரத்தில் இறுகிப்போய் அவிழவில்லை. குதிகாலால் மிதித்துத் தள்ளிக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கூடத்தில் கட்டில். வெள்ளைத் துணி கழுத்துவரை. சீவிய தலை அப்படியே இருந்தது. அவள் கட்டிலருகே தரையில் காலை மடக்கி உட்கார்ந்தாள், ஒரு கையைத் துணியின் மேல் வைத்தாள். அழவில்லை. சுற்றியிருந்த பெண்கள் அவள் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். அவன் நிலைப்படியில் நின்று, அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று அவள் அலறினாள்.

உடனே கூடம் முழுவதும் அழுகை கிளம்பியது. "ஐயோ, எம் பொண்ணே" என்று ஒரு பெரியம்மா அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். ஆனால் அவள் கட்டிலைப் பார்க்கவில்லை. வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துச் சாய்ந்திருந்தாள். கெண்டைச்சதை உருண்டையாகத் திரண்டு மேலேறியிருந்தது.

அவன் பெண்களை விலக்கிக்கொண்டு போய் எதிரே மண்டியிட்டான். காலை நீட்டி மடியில் வைத்து, பாதத்தைப் பிடித்து விரல்களை அவள் பக்கமாக அழுத்தி வளைத்தான். அவள் அவன் தோளைப் பற்றிக்கொண்டாள். நகம் பதிந்தது. அவன் அழுத்திக்கொண்டே இருந்தான். மெல்ல மெல்ல, கையடியில் சதை இளகியது. தட்டிப் பார்த்தான். முழுக்கத் தளர்ந்துவிட்டது, இனி வலி இருக்காது.

அவள் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். அவன் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.