கேட்டைத் தாண்டினால் டீச்சர்

அக்காவைக் கிடத்தியிருந்த வகுப்பறையில், அவளுடைய மகள் ஒரு கிழவனைக் கழுத்தைப் பிடித்துக் கரும்பலகையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தாள். கிழவனின் கால் தரையில் படவில்லை. துக்கத்துக்கு வந்த பழைய மாணவிகள் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அக்கா அப்படி வளர்த்திருந்தாள். பலகைப் பக்கம் என்ன நடந்தாலும் கவனிக்க வேண்டும், அடி விழும்போது குறிப்பாக.

"விடு பாப்பா, அக்காவுக்குக் கூச்சல் பிடிக்காது" என்றேன்.

"கூச்சல் எங்க மாமா? குரல்வளையத்தான் நான் பிடிச்சிருக்கேனே."

அதுவும் நியாயம்தான்.

கிழவனுக்கு லாரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல. மோதிவிட்டு நிற்க மாட்டான் என்பதால் தெரு வைத்தது. அவனுடைய வலது உள்ளங்கையில் ஓர் ஓட்டை உண்டு. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். நானே ஒருமுறை அதில் கண்ணை வைத்து, தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரைப் படித்திருக்கிறேன். அந்த ஓட்டையைப் போட்டவள் எங்கள் அக்கா.

அக்கா கணக்கு டீச்சர். நான் அதே பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவன். அவள் எறிகிற டஸ்டர் தூணைச் சுற்றிக்கொண்டு போய், பின்னால் ஒளிந்து பேசுகிறவளின் மண்டையில் படும். நம்பாவிட்டால் போங்கள், தூணைப் பாருங்கள். சில நாள் திருப்பத்தில் இடித்த பள்ளம் இருக்கிறது. ஆனால் அடி வாங்கியவளுக்குக் கணக்கு வரவில்லையென்றால் அக்கா அவள் வீட்டுக்கே போய்விடுவாள். அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, கரித்துண்டால் தரையில் முக்கோணம் போட்டுப் புரியவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

பெற்ற மகளுக்கு மட்டும் தனிச் சட்டம். காலையில் பாப்பாவுக்குச் சடை பின்னி, கையைப் பிடித்துப் பள்ளிக்கூட கேட் வரைக்கும் கூட்டிவருவாள். கேட்டில் கையை விட்டுவிடுவாள். உள்ளே வந்தால் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் தவறி 'அம்மா' என்றால் திரும்பவே மாட்டாள். மற்றவர்களுக்கு ஓர் அடி என்றால் பாப்பாவுக்கு இரண்டு. சாயங்காலம் நான் மணி அடித்ததும், சாக்பீஸ் தூள் போகக் கையைக் கழுவிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நிற்பாள். அந்தக் கையை நீட்டி, "வாடி என் தங்கம், ரொம்ப வலிச்சுதா?" என்பாள், அடித்தவள் வேறு யாரோ மாதிரி.

லாரிக்கு ஒரு தங்கை, பாப்பாவின் வகுப்பு. அவளைத் தன் கூட்டாளிக்குக் கட்டிவைக்க ஏற்பாடு செய்து, படிப்பை நிறுத்தி அறையில் பூட்டிவைத்திருந்தான். அவள் கூரை ஓடுகளைப் பிரித்து இறங்கி நேராக வகுப்புக்கு ஓடிவந்தாள். அக்கா அவளை வரைபடங்கள் வைக்கிற அலமாரிக்குள் நிறுத்தி, கதவைச் சாத்தி, பாடத்தைத் தொடர்ந்தாள்.

லாரி மீன் வெட்டும் கத்தியோடு வந்தான். கூடவே தம்பி. வாசலில் நான் தடுத்தேன். தம்பி என் முன்பற்களை ஒரே குத்தில் உதிர்த்து, என்னை வகுப்பறை வாசலில் குப்புறத் தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டான். அதற்கு முன்னால் நான் ஆறடி உயரம்.

"தங்கச்சி எங்க?"

"பாடம் நடக்குது. உக்கார்றதுன்னா கடைசி பெஞ்சுல இடம் இருக்கு" என்றாள் அக்கா.

லாரி சிரித்தான். "உன் பொண்ணும் இந்தக் கிளாஸ்தானாமே டீச்சரம்மா. எதுன்னு காட்டு. மூக்கை அறுத்து உன் கையிலயே குடுத்துட்டா, எங்க தங்கச்சி தானா வெளிய வரும்."

"நாற்பது பேர் இருக்காங்க. கண்டுபிடி."

அவன் முட்டாள் இல்லை. ஒவ்வொருத்தியாகச் சடையைப் பிடித்துத் தூக்கினான். ஆனால் கண் பிள்ளைமேல் இல்லை, அக்காவின் முகத்தின்மேல். பெற்றவள் முகம் தானாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்று கணக்கு. முதல் பிள்ளையைத் தூக்கினான், அறைந்தான், விட்டான். இரண்டாவது பிள்ளையின் தலையை மேசையில் மோதினான், விட்டான். மூன்றாவது பாப்பா. கத்தியைக் காதில் வைத்து இழுத்தான். காது மடலின் அடிப்பாகம் அறுந்து சட்டையில் விழுந்தது. ரத்தம் கழுத்து வழியாக இறங்கியது.

"டீச்சர்!" என்று பாப்பா அலறினாள்.

"அவளா?" என்றாள் அக்கா. "வீட்டுப்பாடமே எழுதாதவ. இழுத்துட்டுப் போ, கிளாஸ் உருப்படும்."

லாரி அவளைத் தள்ளிவிட்டான். நாலாவது பிள்ளைக்காக எட்டும்போது, அக்காவின் மேசைமேல் வலது கையை ஊன்றினான்.

பலகையில் வட்டம் போடுகிற மரக் காம்பஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு காலில் சாக்பீஸ், மறு காலில் இரும்பு முள். அது மேலிருந்து இறங்கியது. முள் உள்ளங்கையைத் துளைத்து மேசைப் பலகைக்குள் போய் நின்றது. மையம் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் அவன் அந்தப் புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தான், அக்கா மீட்டர் கட்டையால் அடித்துக்கொண்டே இருந்தாள். தாடை உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் இடது கையால் வீசிய கத்தி அக்காவின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தது. அவள் கட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். என் மேலிருந்த தம்பி எழுந்து ஓடினான், அண்ணன் இருந்த திசைக்கு அல்ல.

பிறகு நான் மயங்கிவிட்டேன். மணி அடிக்க ஆளில்லை. மணி அடிக்காமல் அக்கா பாடத்தை நிறுத்துகிறவள் இல்லை. போலீஸ் வந்தபோது இடது கையால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாளாம். ஒரு போலீஸ்காரர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, விட்டம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்துகொண்டார்.

லாரி ஜெயிலுக்குப் போய்க் கிழவனாகித் திரும்பினான்; இன்று துக்கத்துக்கும் வந்திருந்தான். அலமாரிக்குள் இருந்தவள் இன்று இந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. அக்காவை இந்த வகுப்பில் கிடத்தச் சொன்னவளும் அவள்தான். பாப்பா மட்டும் 'இழுத்துட்டுப் போ' என்ற சொல்லோடு வளர்ந்தாள். ஊரான் பிள்ளையை அலமாரியில் வைத்துப் பூட்டினாய், என்னை ஏன் கொடுத்தாய் என்று எத்தனையோ தடவை கேட்டாள். "காதுக்கு மருந்து போட்டியா?" என்பதற்கு மேல் அக்கா பதில் சொன்னதில்லை. படிப்பு முடிந்ததும் வேறு ஊருக்குப் போனவள், விருந்தாளி போலத்தான் வந்துபோனாள். நேற்று ஆஸ்பத்திரியிலும் கேட்டாள். அதற்குள் அக்காவுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

இப்போது பாப்பா லாரியைத் தரையில் போட்டு, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, சுவரில் மாட்டியிருந்த அதே காம்பஸை எடுத்திருந்தாள். முள் அவன் கண்ணுக்கு நேராக இருந்தது.

"ஏன்டா என்னை விட்டே?"

"நீ டீச்சர்னுதானே கத்துனே" என்று இருமினான் லாரி. "பெத்தவள எவளாவது டீச்சர்ம்பாளா? அந்தம்மா மூஞ்சியிலயும் ஒண்ணுமே இல்ல. கல்லு. நீதான் அவ பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா உன் மூக்கு போயிருக்கும். கோர்ட்டுல தெரிஞ்சப்ப நான் தலையில அடிச்சிக்கிட்டேன்."

பாப்பா என் பக்கம் திரும்பினாள்.

"கல்லுங்கறான். நிஜமாவே ஒண்ணும் இல்லையா மாமா? ஒரு தடவையாவது புளுகாம சொல்லு."

சொன்னால் இன்னொரு காம்பஸ் இருக்கிறது என்று அக்கா என்னை மிரட்டி வைத்திருந்தாள். இனி குத்த மாட்டாள் என்றாலும், ஒரு கண்ணை அக்காவின் கைமேல் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"முகம் எனக்குத் தெரியலம்மா. நான் அவளுக்குப் பின்னாடி கிடந்தேன். புடவைதான் தெரிஞ்சுது. நனைஞ்சுது."

"என்னது?"

"நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டா. கால் வழியா இறங்கி, செருப்பு நிறைஞ்சு, தரையில ஓடிச்சு. மொத ரெண்டு பிள்ளைங்களப் பிடிச்சப்ப இல்ல. உன் சடைய அவன் பிடிச்சான் பாரு, அப்ப."

அவள் என்னையே பார்த்தாள். "எவ்வளவு தூரம் ஓடிச்சு? ஆறு மாதிரியா?"

"இல்லம்மா. என் கன்னம் வரைக்கும்தான்."

என் வாயிலிருந்து அவ்வளவு சின்ன அளவு வந்து அவள் கேட்டதே இல்லை. காம்பஸைக் கீழே வைத்தாள். எழுந்திருக்குமுன் லாரியின் மூக்கில் ஒரு குத்து விட்டாள், எலும்பு நொறுங்க. "இது காதுக்கு" என்றாள். அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டினான்.

பிறகு அக்காவிடம் போனாள். இரண்டு விரல் இல்லாத அந்த வலது கையை எடுத்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு வெள்ளையைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"அம்மா" என்றாள்.

கேட்டுக்கு உள்ளே இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டாள். அக்கா திரும்பவில்லை.