நாற்பத்தேழு கமெண்டுகள்

"மூணாவது பட்டன்" என்று எழுதி, பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் பொம்மைகள் நான்கைப் போட்டிருந்தான் ஒருவன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, கை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'எட்டு நாப்பது லோக்கல்' படத்தை எந்தப் புண்ணியவானோ யூடியூபில் ஏற்றியிருந்தான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வந்து, ஒரு வாரம்கூட ஓடாமல் சுருண்டுகொண்ட படம். எடுத்தவர்களே மறந்திருப்பார்கள். நான் மறக்கவில்லை. மூவாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். கமெண்டு நாற்பத்தேழு.

ஒன்று விடாமல் படித்தேன். "சுமார் படம், லெட்டர் சீன் மட்டும் வேற லெவல்" என்றது ஒன்று. "ஹீரோயினுக்கு மெட்ராஸ் பாஷை வரவே இல்ல, எல்லா வசனத்துலயும் ஒரு 'இன்னா'வ ஒட்டி வெச்சிட்டாங்க" என்று ஒரு கொருக்குப்பேட்டைக்காரர் வயிறெரிந்திருந்தார். "நான் பொறந்து வளர்ந்தது திருவொற்றியூர், இந்த ரோஜாத் தோட்டம் எங்க ப்ரோ கீது?" என்று ஒருவன். "அந்த லெட்டர எழுதுன பொண்ணு நெஜமா இருந்தா கட்டிக்கலாம்" என்று இன்னொருவன். அந்தப் பெண் இங்கே பாரிமுனையில், கப்பல் சரக்குக் கம்பெனியின் மின்விசிறிக்குக் கீழே, நாற்பத்து மூன்று வயதில் உட்கார்ந்திருக்கிறாள் தம்பி. தயிர்சாதம் சாப்பிடுகிறாள்.

கடிதம் என்னுடையது. சினிமாவுக்காக எழுதியது அல்ல. அப்போது திருவொற்றியூரிலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு எட்டு நாற்பது வண்டியில் வேலைக்குப் போவேன். எண்ணூரில் ஏறும் மலிகா லேடீஸ் பெட்டியில் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்காகப் பிடித்து வைத்திருப்பாள். யார் வந்து கேட்டாலும் "ஆள் வருது" என்பாள். அடுத்த பெட்டியில் மொத்தக் கொள்முதலுக்குப் போகும் மளிகைக்கடைக்காரர் தவசிமுத்து ஏறுவார். அவருடைய நீலச் சட்டையில் மூன்றாவது பட்டன் மட்டும் பழுப்பாக இருக்கும். எனக்கு ஏனோ அந்தப் பட்டன் மேல்தான் முதலில் மனசு போனது.

ஆயுதபூஜைக்கு எங்கள் பெட்டியில் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பொரிகடலைப் பொட்டலம் கொடுப்போம். சாமி கும்பிடுகிறவள், சர்ச்சுக்குப் போகிறவள், தொழுகிறவள் எல்லோருக்கும் அன்றைக்கு அந்தப் பெட்டிதான் பூஜை அறை. அறுபது பொட்டலம் மஞ்சள் நூலில் கட்டினோம். தவசிமுத்துவுக்கு நானே கொடுக்கலாம் என்று ஒன்றை மட்டும் பச்சை நூலில் கட்டினேன். உள்ளே என் பெயர் போட்டு ஒரு சீட்டு: "உங்க சட்டையில மூணாவது பட்டன் வேற கலர். நான் தைச்சுத் தரட்டுமா?" பச்சை நூலின் அர்த்தம் விநியோகம் செய்த அக்காவுக்கு என்ன தெரியும்? அந்தப் பொட்டலம் போய்ச் சேர்ந்தது வண்டியின் கார்டுக்கு. மறுநாள் வயதான அந்த மனுஷன் பெட்டி வாசலில் வந்து நின்று, சீட்டை என் கையில் கொடுத்து, "என் யூனிபாரம்ல எல்லாம் ஒரே கலருதாம்மா" என்றார். மலிகா சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

அப்புறம் கடிதம் எதுவும் தேவைப்படவில்லை. தவசிமுத்துவும் நானும் ஒரே சர்ச், இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள். கல்யாணமான முதல் வாரமே அந்தச் சட்டைக்கு நீலப் பட்டன் தைத்தேன். தைத்துக்கொண்டே கதையையும் அவரிடம் சொன்னேன்.

இரண்டு வருஷத்தில் படம் வந்தது. நான் ஏழு மாசம். எங்கள் பெட்டிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போனோம். அவரையும் கூப்பிட்டேன், கடையில் ஆள் இல்லை என்றார். திரையில் ஆயுதபூஜை, வாழைக்கன்று, பொரிப் பொட்டலம். காமெடியன் சீட்டைப் பிரித்து, பெண் குரலில் இழுத்து இழுத்து என் வரியைப் படித்தான். தியேட்டர் சிரித்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மலிகா வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. மாட்டிக்கொண்டவளின் முகம் என்று நானே முடிவு கட்டினேன். விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்: நான், மலிகா, கார்டு. கார்டு ரிட்டையர் ஆகி காட்பாடிப் பக்கம் போய்விட்டார். புருஷனைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து அழுதபோது அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "அவ அண்ணன் சினிமாலதான லைட் புடிச்சிகினு கீறான்?" என்றார்.

அது போதுமாக இருந்தது. மறுநாள் எட்டு நாற்பதில், அத்தனை பேர் முன்னால், "என் மானத்த சினிமாக்காரனுக்கு வித்துட்டியேடி" என்று கத்தினேன். மலிகா, "நான் சொல்லல ஜானு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் நிக்காஹ் பத்திரிகை வந்தது, போகவில்லை. பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து ஒன்பது ஐந்து வண்டிக்கு மாறிக்கொண்டேன். பதினைந்து வருஷமாக எங்கள் ஆபீஸ் வருகைப் பதிவில் நான்தான் கடைசி.

நாற்பத்தோராவது கமெண்டு கொஞ்சம் நீளம். அந்தப் படத்தில் உதவி இயக்குநராக இருந்தவராம். "லெட்டர் சீனைப் பாராட்டிய எல்லாருக்கும் நன்றி. உண்மையில் அது எங்கள் கற்பனை இல்லை. ஷூட்டிங்குக்குப் பொரி சப்ளை செய்த கடைக்கார அண்ணன் தன் சொந்தக் கதை என்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னது. பதிலுக்கு, ஒரு ஷாட்ல தலை தெரியணும்னு கேட்டார். லெட்டர் படித்து முடித்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவர் அவர்தான்."

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எழுந்து வந்த இடத்துக்குப் படத்தை ஓட்டினேன். இரண்டு விநாடிதான். நிறுத்திப் பெரிதாக்கினேன். வாய் நிறையப் பொரியோடு என் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார். அதே நீலச் சட்டை. மூன்றாவது பட்டனும் நீலம். நான் தைத்தது.

சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே போனை வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம படம்! இத்த எங்க புட்ச? இன்னா முடி கீது பாரு ஜானட் எனுக்கு!"

கோபத்தைவிட அந்தச் சந்தோஷம்தான் எனக்குத் தாங்கவில்லை.

"மலிகா?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சும்மா தமாசுக்கு சொன்னது. அவனுங்க படத்துல வெப்பானுங்கன்னு கண்டேனா?"

"நான் மலிகாவ கேக்கறேன். அவ அண்ணன் சினிமால கீறான்னு நீதான சொன்ன?" பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக 'நீ' என்று வந்தது. அவரும் கவனித்தார்.

"கீறான்னுதான் சொன்னேன். அவன்தான் சொன்னான்னு சொன்னனா? நீயா நென்ச்சிகினா நான் இன்னா பண்றது?" பருப்பு வாங்க வந்த அம்மாவிடம் திரும்பி, "இன்னா வோணும்மா?" என்றார்.

கதையைச் சொன்னதைக்கூட மன்னித்துத் தொலைத்திருப்பேன். சிரிக்கத்தக்க கதைதான் அது. ஆனால் அன்றைக்கு ராத்திரி என் முதுகைத் தடவிக்கொண்டே ஒரு பெண்ணின் மேல் பழியைத் தூக்கிப் போட்டு, அப்புறம் பதினைந்து வருஷம் நான் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறார். மீன்குழம்பில் உப்பு குறைந்தால் மட்டும் உடனே சொல்லத் தெரிந்தது.

மறுநாள் எட்டு நாற்பதுக்கு நின்றேன். லேடீஸ் பெட்டி, அதே ஜன்னல். மலிகாவின் முக்காட்டு ஓரத்தில் நரை தெரிந்தது. பக்கத்து இடம் காலி, அதில் ஒரு சாப்பாட்டுப் பை. என் கால் தானாக அங்கே போய் நின்றது.

"மலிகா. நீ சொல்லலன்னு இப்பதான் தெரிஞ்சிச்சு."

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "எனுக்கு அன்னிக்கே தெரியுமே."

"யாருன்னு..."

"உன் வூட்டுக்காரர் பொரி துன்னுகினு சிரிச்சத தியேட்டர்லயே பாத்துட்டேன். நீ எழுந்து போய்ட்ட."

"அப்ப ஏண்டி வாய மூடிகினு இருந்த? பொட்டி முழுக்க உன்ன திட்டினேனே!"

"நீ ஏழு மாசம்" என்றாள் மலிகா. "நான் ஒருத்தி போனா போவட்டும்னு பாத்தேன். அப்பால நீயே ஒரு நாள் வந்து கேப்பன்னு நென்ச்சேன்."

வண்டி வ.உ.சி. நகரில் நின்று கிளம்பியது. பை அந்த இடத்திலேயே இருந்தது. அவள் எடுக்கவில்லை, நானும் உட்காரவில்லை. தண்டையார்பேட்டையில் சுடிதார் போட்ட ஒரு பெண் கூட்டத்தில் இடித்துக்கொண்டு உள்ளே வந்து, "அக்கா, இன்னிக்கு செம கூட்டம்" என்றாள். மலிகா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொருக்குப்பேட்டை தாண்டும்போது வண்டி குலுங்கி, என் தோள்பை அந்தப் பெண்ணின் தலையில் இடித்தது. மலிகா என் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினாள். நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள், முன்பின் தெரியாதவர்களுக்கும் செய்வதுதான். கொடுத்தேன். என் பையைத் தன் பைக்கு மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கையால் அணைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.