நிலவறை யன்னல்

விமலநாதன் விழித்தான். போர்வையை நான்காக மடித்துத் தலையணையின் மேல் வைத்தான். சவரம் செய்தான். ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தேயிலைப் பையை அதில் அமிழ்த்தி, அது கறுக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சீனி போடாமல் குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். நேற்றும் இதையேதான் செய்திருந்தான்.

மற்றக் கட்டில் கலைந்து கிடந்தது. அதற்குரிய பரராசசிங்கம் விடியும்போதே கீழே இறங்கிவிட்டார். அவருடைய பாட்டு நிலவறையிலிருந்து படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. சுருதி சேராத பாட்டு. பெண்சாதி வரப்போகிறாள் என்ற நினைப்பில் ஒரு மனிதன் பாடுகிற பாட்டு.

அது எண்பத்தெட்டாம் ஆண்டின் கோடை. பீலெஃபெல்ட் என்ற ஜெர்மன் நகரில் ஒரு பழைய வீட்டின் கூரையறையில் இருவரும் குடியிருந்தார்கள். வீட்டுக்காரி பிரிங்மன் அம்மா, உருளைக்கிழங்கும் பழைய தளபாடமும் கிடந்த, கெல்லர் என்று அவள் சொல்லும் நிலவறையைப் பரராசசிங்கத்துக்குக் காட்டி, திருத்தி எடுத்தால் குடும்பமாக இருக்க வாடகைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். ஒரே நிபந்தனை, சுவர் காய்ந்திருக்க வேண்டும். கோடைக்கு மகள் வீட்டுக்குப் போகிறவள் ஓகஸ்ட் கடைசியில் திரும்பி வந்து கையை வைத்துப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பாள். அந்தப் பத்திரம் இருந்தால்தான் சிவகௌரிக்கு விசா. சிவகௌரி கொழும்பில் ஒரு லொட்ஜில், முன்பின் தெரியாத பெண்களோடு ஓர் அறையில், பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வாங்கோ மாஸ்டர், வாங்கோ! துரைக்கு இப்பதான் விடிஞ்சதோ?" என்றார் பரராசசிங்கம்.

விமலநாதன் ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவன். பௌதிகத்தில் பட்டம் பெற்றவன். இங்கே மாலைகளில் ஓர் உணவுவிடுதியில் தட்டுக் கழுவினான். மாஸ்டர் என்று அவனை இன்னும் கூப்பிடுகிறவர் இவர் ஒருவர்தான்.

வசந்தத்தில் இருவருமாக வீட்டைச் சுற்றி அகழி வெட்டி, வெளிச்சுவரைத் தேய்த்து, தார் பூசி, கல்லும் மண்ணும் போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே உதிர்ந்த பூச்சைக் கொத்தி எறிந்து சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். சட்டம் அடித்துப் பலகைத் தளம் போட்டார்கள். நல்ல வேலை. மே மாதம் சுவர் பாண் ரொட்டியின் மேற்தோல்போலக் காய்ந்திருந்தது. வெயில் ஏறத் தொடங்கியதும் அடியிலிருந்து வியர்க்க ஆரம்பித்தது.

"இண்டைக்கு நல்ல வெயில். சூட்டுக் காத்து உள்ள வந்து எல்லாத்தையும் உறிஞ்சிப்போடும், பாரும்" என்று பரராசசிங்கம் இரண்டு யன்னல்களையும் அகலத் திறந்துவிட்டார். பகல் முழுவதும் அவை திறந்திருக்கும். பொழுதுபட்டதும், குளிர் வந்துவிடும் என்று இறுக்கிப் பூட்டிவிடுவார். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவனும் அப்படித்தான் செய்வான். அங்கே வெயிலில் காயாத பொருள் இல்லை.

இது தலைகீழான வேலை என்று விமலநாதனுக்கு முதல் நாளே தெரியும். சூடான காற்று நீரைச் சுமந்து வரும். நிலத்துக்குள் குளிர்ந்து கிடக்கும் சுவரில் பட்டதும் சுமையை அதிலேயே இறக்கிவிடும். வகுப்பில் ஒரு குளிர்ந்த போத்தலை மேசையில் வைத்து, வெளிப்பக்கம் துளிர்க்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பான். போத்தலுக்குள்ளிருந்து என்று பிள்ளைகள் கத்துவார்கள். இங்கே யன்னலை விடியற்குளிரில் திறந்து, வெயில் ஏறமுன் பூட்ட வேண்டும். ஒரு வசனம் போதும்.

அந்த வசனத்தைச் சொல்லத்தான் அன்று வாயைத் திறந்தான்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கிறன். நான் கட்டிச் சில மாசத்திலேயே வெளிக்கிட்டு வந்தவன். நீர் குடும்பம் நடத்தின மனுசன். சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம்? உம்மட மனுசி ஜெயமலருக்கு என்ன நிறம் விருப்பமா இருந்தது?"

ஜெயமலருக்கு என்ன நிறம் விருப்பம் என்று விமலநாதனுக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்க நாள் இருக்கிறது என்றிருந்தான்.

"பச்சை" என்றான். மற்ற வசனத்தை விழுங்கிவிட்டான்.

விழுங்கியது உள்ளே கிடந்து புளித்தது. பரராசசிங்கம் கட்டில் எங்கே வரும் என்று தளத்தில் படுத்துப் பார்த்தார். "கௌரி இந்தப் பக்கம். அவவுக்குச் சுவர்ப்பக்கம் படுத்தால்தான் நித்திரை வரும்" என்றார். கண்ணாடி மாட்டும் இடத்தைக் குறிக்க, தன் தோளின் உயரத்துக்குச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு கீறினார். "என்ர தோளுக்குத்தான் வருவா." விமலநாதன் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே ஒரு தலை, வகிடு, ஈரக் கூந்தல் எல்லாம் இருந்தன. அவனுடைய அறையில் எந்தச் சுவரிலும் எவருடைய உயரமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து சிவகௌரியோடு கதைத்துவிட்டு வந்து, வாங்கிய பேச்சையெல்லாம் ஒப்பிப்பார். "மீசையை வழிக்கச் சொல்லி நிக்கிறா. கெல்லருக்குள்ள சுருட்டுப் பத்தினால் வந்த கையோட திரும்பிப் போயிடுவாவாம். இவளோட என்னெண்டு காலந்தள்ளப் போறனோ!" என்று தலையில் அடித்துக்கொள்வார். முகம் முழுக்கச் சிரிப்பு. விமலநாதன் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பான். ஏச ஒருத்தி இருக்கிறாள். அதைக் குறையாகச் சொல்லித் திரிகிற கொழுப்பும் இருக்கிறது.

"உமக்கென்ன மாஸ்டர், உம்மட மனுசி ஒரு தெய்வம்" என்றும் சொல்வார். "கடைசி நேரத்திலயும் 'கவனமா இருங்கோ' எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனவ. என்ர ஆள் சாகேக்கையும் என்னை ஏசிக்கொண்டுதான் சாவா."

அந்தக் கதை பீலெஃபெல்ட் முழுவதும் தெரியும். ஜெயமலர் சந்தைக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்து இறந்தாள். கடைசியாக என்ன சொன்னாள் என்று செத்தவீட்டில் மாமியார் கேட்டபோது, "கவனமா இருங்கோ எண்டவ" என்று விமலநாதன் சொல்லியிருந்தான். மாமியார் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். வார்த்தை கடல் கடந்து இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

ஜூன் முடிந்தது. சுவரின் அடியில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்தது. பென்சில் கோட்டின் மேலால் நீர் வழிந்தது. தார் பிழைத்துவிட்டது என்று பரராசசிங்கம் தன் கோடை விடுமுறை முழுவதும் மூடிய அகழியை மறுபடி தோண்டினார். கை கொப்புளித்தது. பாட்டு நின்றுபோயிற்று. யன்னல்கள் மட்டும் திறந்தே கிடந்தன. விமலநாதன் கூடவே மண் அள்ளினான்.

ஒரு ஞாயிறு மதியம் பரராசசிங்கம் அவனையும் கூண்டுக்குக் கூட்டிப்போனார். "தனியச் சொல்ல எனக்கு ஏலாது" என்றார். நாணயங்களைப் போட்டார். லொட்ஜில் யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, கடைசியில் சிவகௌரி வந்தாள்.

"கௌரி, இது சரிவராது போல கிடக்கு. சுவர் காயுதில்லை. கிழவி கையெழுத்து வையாள். நீர் சும்மா அங்க கிடந்து சீரழியாமல் ஊருக்குப் போம். பிறகு பாப்பம்."

விமலநாதனுக்குள் ஒரு சந்தோசம் எழும்பியது. வெட்கமில்லாத, சுத்தமான சந்தோசம். அவளும் வரமாட்டாள். கூரையறையில் இரண்டு கட்டிலும் அப்படியே இருக்கும். பரராசசிங்கம் குரல் உடைந்து, ரிசீவரை அவன் கையில் திணித்துவிட்டு வெளியே போய் மதிலில் சாய்ந்தார்.

"தம்பி?" என்றாள் சிவகௌரி. "அந்த மனுசன் அழுகுதோ? விசர் மனுசன். சுவர் கிடக்கட்டும் தம்பி. நான் ஒண்டு கேக்கவேணும். அங்க உடுப்புக் காயப்போட இடம் இருக்கோ? இஞ்ச ஒரே மழை. தோய்ச்ச உடுப்பு ஒண்டும் காயுதில்லை. ஈர உடுப்போட திரியிறன்."

விமலநாதன் ரிசீவரைக் காதோடு அழுத்தினான். நாணயம் ஒன்று உள்ளே விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"தம்பி, நிக்கிறீங்களோ?"

"நிக்கிறன் அக்கா. ஊருக்குப் போகாதேங்கோ."

"சுவர்?"

"காயும்."

தொடர்பு அறுந்தது. அவன் நேரே வீட்டுக்கு நடந்தான். பரராசசிங்கம் பின்னால் ஓடி வந்தார். நிலவறைக்குள் இறங்கி, வெயில் கொளுத்துகிற அந்த மதியத்தில், இரண்டு யன்னல்களையும் அடித்துப் பூட்டினான்.

"உமக்கென்ன விசரோ? உள்ளதும் அவிஞ்சு போகப்போகுது, திறவும்!"

விமலநாதன் மேலே போய்க் குளிர்பெட்டியிலிருந்து ஒரு பியர்ப் போத்தலைக் கொண்டுவந்து அகழி ஓரத்து வெயிலில் வைத்தான். இருவரும் குந்தியிருந்து பார்த்தார்கள். போத்தல் வியர்த்தது. வகுப்பில் சொல்வதுபோலவே, குரல் ஏறாமல் இறங்காமல், எல்லாவற்றையும் சொன்னான்.

பரராசசிங்கம் ஈரம் ஓடிய போத்தலை விரலால் தடவினார். பிறகு தோண்டிய அகழியைப் பார்த்தார். பிறகு தன் கையை.

"இது எப்ப தொடக்கம் தெரியும்?"

"முதல் நாள் தொடக்கம்."

"நீயெல்லாம் ஒரு மனுசனோடா?" என்றார். 'நீர்' போய் 'நீ' வந்திருந்தது. போத்தலை அகழிக்குள் வீசிவிட்டுப் போனார்.

அதன்பின் அவர் அவனோடு கதைக்கவில்லை. அகழியைத் தனியாக மூடினார். விமலநாதன் விழித்ததும் போர்வையை மடிக்காமல், தேநீர் வைக்காமல், கீழே இறங்கி யன்னல்களைத் திறந்தான். குளிர் ஊறி உள்ளே வரும். வெயில் மதிலைத் தொடும்போது பூட்டினான். சுவர் மேலிருந்து கீழாகக் காய்ந்து வந்தது. முதலில் பென்சில் கோடு காய்ந்தது. பூஞ்சணத்தைத் தேய்த்து, சுண்ணாம்பு பூசி, பச்சை அடித்தார்கள். ஆளுக்கொரு மூலையில் நின்றுதான் அடித்தார்கள்.

பிரிங்மன் அம்மா வந்தாள். உள்ளங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். "குட்" என்றாள்.

பொறாமை போய்விடவில்லை. கண்ணாடிக்கு ஆணி அடிக்கிற சத்தம் ஒவ்வொன்றும் விமலநாதனின் நெஞ்சில் இறங்கியது. அவன் படியில் உட்கார்ந்திருந்தான். பரராசசிங்கம் சுத்தியலை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கமாட்டன்" என்றார். "கேட்டு நீர் சொன்னீரெண்டால் எனக்கு அடிக்க வரும். ஆனால் ஒண்டு. ஜெயமலர் இருந்திருந்தால் உம்மைப் பிய்ச்சு எடுத்திருப்பா. கவனமா இருங்கோ எண்டு சொன்ன பொம்பிளை."

"அவ அப்பிடிச் சொல்லேல்லை, அண்ணை."

"என்ன?"

"அது நான் சொன்னது. மாமி கேட்டா. ஏதாவது சொல்லவேணும் எண்டு சொன்னன்."

"அப்ப என்னதான் சொன்னவ?"

விமலநாதன் சுவரைப் பார்த்தான். அன்றைக்கு அவன் மேசையில் சோதனைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு படலை வரை போய்த் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். தலை நிமிராமல் 'ஓம்' என்றான். எழும்பவில்லை. மழை வந்தது. பிறகு செய்தி வந்தது. செத்தவீட்டுக்கு வந்த சனந்தான் அவளுடைய சேலைகளைக் கொடியிலிருந்து சொட்டச் சொட்ட எடுத்து உள்ளே போட்டது.

"சொல்லும்" என்றார் பரராசசிங்கம்.

"'மழை இருட்டுது, கொடியில கிடக்கிற உடுப்பை எடுத்து உள்ள போடுங்கோ. ஒருக்காச் சொன்னால் எழும்புற பழக்கம் உங்களுக்கு எப்பதான் வரப்போகுதோ!'"