பட்டுக்கை

வந்திருந்த இரண்டு பெண்களில் யாரை வேலைக்கு வைத்துக்கொள்வது என்று டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான், வெளியே ஒரு குழந்தை வீரிட்டு அலறியது. கதவிடுக்கில் விரல் நசுங்கிய பையனை அவன் அம்மா அள்ளிக்கொண்டு ஓடிவந்திருந்தாள். வந்த இருவரில் இளையவள் ரத்தத்தைப் பார்த்ததும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டாள். மூத்தவள் எழுந்தாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, பையனை வாங்கி மடியில் உட்காரவைத்து, காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அலறல் நின்றது. விசும்பி விசும்பித் தேய்ந்து அடங்கவில்லை. யாரோ வாயைப் பொத்தியதுபோல் பட்டென்று நின்றது. டாக்டர் தையல் போட்டு முடிக்கும்வரை அவன் கண் அவள் முகத்தைவிட்டு அகலவில்லை.

“பாத்தியாம்மா?” என்றார் டாக்டர் தன் உதவியாளரிடம். “இதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது. கூடவே பொறந்திருக்கணும்.”

உதவியாளரும் தலையாட்டினாள். பிரசவத்துக்கு விடுப்பில் போகப்போகிறவள் அவள்தான். தன் இடத்துக்கு நல்ல ஆள் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தக் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகள் அவளைப் ‘பொய்யக்கா’ என்று கூப்பிடுவார்கள். ஊசி போடும்போதெல்லாம் “வலிக்கவே வலிக்காது” என்று கூசாமல் புளுகுவதால் வந்த பெயர். வாய் ஓயாது. யாருக்காவது ரிப்போர்ட் மோசமாக வந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. “டாக்டரு மருந்து எழுதி அனுப்புறாரு. நீ வியாதிய வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றே” என்பான் கணவன். இந்த வேலைக்குத் தான் அவ்வளவு பொருத்தமில்லையோ என்று அவளுக்கே அவ்வப்போது தோன்றும்.

புதியவளிடம் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. குரல் உயராது. நடந்தால் காலடி கேட்காது. எந்தக் கையானாலும் தொட்ட மாத்திரத்தில் நரம்பு அகப்படும். காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொள்ள வாராவாரம் வரும் தையல்காரர்தான் அவளுக்குப் பெயர் வைத்தார். “இது கையா? பட்டும்மா, பட்டு!” பட்டுக்கை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ‘பட்டுக்கை இருக்காங்களா?’ என்று கேட்டுவிட்டுத்தான் பலர் உள்ளேயே வந்தார்கள். பொய்யக்காவுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அந்தப் பொறாமைதான் தன்னைத் தப்பாக நினைக்கவைக்கிறது என்று எண்ணி, விரல் நசுங்கிய பையன் தையல் பிரிக்க வந்த அன்று நடந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் பட்டுக்கையைக் கண்டதும் பையன் நின்ற இடத்திலேயே கால்சட்டையை நனைத்துக்கொண்டான்.

“அவங்க ஒண்ணுமே பண்ணலியே, ரொம்ப நல்லவங்க” என்று அவன் அம்மா கூசிப்போனாள்.

அன்று காதில் என்னடா சொன்னார்கள் என்று பொய்யக்கா தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டாள். அவன் இரண்டு கையாலும் தன் வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த வாரம் பொய்யக்கா, வெளுத்து வந்த துணிகளைத் தூக்கிக்கொண்டு கட்டுப் போடும் அறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தையல்காரர் கட்டிலிலிருந்து சரிந்துகொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஒரு கை காற்றைத் துழாவி எதிரில் நின்றவளை எட்டப் பார்த்தது. எட்டாத தூரத்தில், தட்டைக் கையில் ஏந்தியபடி, பட்டுக்கை நின்றிருந்தாள். பயத்தில் உறைந்துபோனவள் முகமல்ல அது. அடுப்பில் பால் பொங்கக் காத்திருப்பவளின் முகம். தலையை லேசாகச் சாய்த்து, எதையும் தவறவிட்டுவிடக்கூடாது என்பதுபோல் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொய்யக்காவின் கையிலிருந்து துணிக்கட்டு நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்தில் பட்டுக்கை திரும்பினாள்; மறுகணமே மண்டியிட்டுக் கிழவரைத் தாங்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, “டாக்டர்!” என்று கூப்பிட்டாள். அதன்பிறகு அவள் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையைத் தன் கையிலேயே வைத்திருந்தாள். உயிர் தப்பியது. பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன.

“கொஞ்சம்கூடப் பதறல, பாத்தியா?” என்று டாக்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பொய்யக்கா அவரைத் தனியாகப் பிடித்து, கண்டதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது அபத்தமாகக் கேட்டது. பார்த்துக்கொண்டு நின்றாள் என்றால் என்ன அர்த்தம்? டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

“வயித்துப்பிள்ளைக்காரி, ஓடியாடி வேலை பாக்குறே. ஒரு நொடி உனக்கு ஒரு யுகமா தெரிஞ்சிருக்கும். முன்னாடியே லீவு எடுத்துக்கோயேம்மா.”

சாயங்காலம் பொய்யக்கா கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பட்டுக்கை பக்கத்தில் வந்து நின்றாள். ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்துத் தட்டில் அடுக்கினாள். முகத்தில் கோபமில்லை.

“டாக்டர்கிட்ட சொன்னீங்களாமே.”

பொய்யக்கா அடுத்த கருவியை எடுத்துத் தேய்த்தாள்.

“நீங்க வந்தது எனக்குத் தெரியும்மா. துணி விழறதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துட்டீங்க.” கத்தரிக்கோலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “நீங்களும் என்கூட நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

அன்றிலிருந்து பொய்யக்காவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம்? ஒரு மூச்சா, பத்து மூச்சா? ஓடிப்போய்த் தாங்கியிருக்கலாமே, ஏன் கால் நகரவில்லை? யோசிக்க யோசிக்க அந்தக் கதவருகே தான் நின்ற நேரம் நீண்டுகொண்டே போனது. விடுப்பு எடுத்துக்கொண்டாள். தையல்காரர் வீடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டும் போய்ப் பார்க்க முகமில்லாமல் தள்ளிப்போட்டாள். கடைசியில் ஒரு மத்தியானம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கிளம்பினாள்.

கதவைத் திறந்த மகள் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். “உங்க ஆஸ்பத்திரி ஆளுங்க எல்லாருமே தங்கம்க்கா. அந்தப் பட்டுக்கை அம்மா தினமும் வந்து கட்டு மாத்திட்டுப் போறாங்க. யாரு செய்வாங்க இந்தக் காலத்துல? ‘நான் இருக்கேன், நீ கடைக்குப் போய்ட்டு வா’ன்னு என்னையும் அனுப்பிவிட்டுருவாங்க.”

கட்டிலில் கிடந்தவர் பாதியாக இளைத்திருந்தார். புண் ஆறியதாகத் தெரியவில்லை. கட்டுக்கு மேலே புதிதாக ஒரு சிவப்பு ஏறியிருந்தது. பொய்யக்கா குனிந்து, “ஐயா, நான்தான்” என்றாள். அவர் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. நலம் விசாரிக்கிற பிடி அல்ல. நகம் பதிந்தது. கண் வாசலுக்கும் அவள் முகத்துக்குமாக ஓடி ஓடித் திரும்பியது.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. “இதோ வந்துட்டாங்களே!” என்று மகள் கடைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“நீ இரேன், போகாதே” என்று பொய்யக்கா சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

பட்டுக்கை உள்ளே வந்து, பெரிதாகிவிட்ட வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். “இந்த நேரத்துல எதுக்கு அலையறீங்க? வீட்டுக்குப் போய்ப் படுங்க. நான் பாத்துக்கறேன்.”

“இன்னைக்கு நான் கட்டுறேன்.”

“உங்க கை நடுங்குதே.”

“நடுங்கட்டும்” என்றாள் பொய்யக்கா. நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பட்டுக்கை மறுத்துப் பேசவில்லை. “சரிம்மா. நான் கை கழுவிட்டு வரேன், ரெண்டு பேருமா செய்யலாம்” என்று பின்பக்கம் போனாள். குழாய் திறந்தது. நிதானமாக, விரல் விரலாகக் கழுவுகிறவளின் தண்ணீர்ச் சத்தம். வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை புரண்டது. கிழவர் பிடியை விடவில்லை, அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை. ஒற்றைக் கையால் பழைய கட்டின் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.