ஈறு தைக்கும் நூலில் ஒரு கீல்

யுகேந்திரனுக்கு இன்ஜின் வைத்த ஒரு பழைய பொம்மை விமானம் பெக்கான் நானாஸ் ஊரில் வீட்டைக் காலி செய்த ஒருவரிடமிருந்து கிடைத்தது. ரிமோட் இல்லாத ரகம். ஓட்டுபவர் நடுவில் நிற்க வேண்டும். அவர் கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் விமானத்துக்குப் போகும். கையைச் சாய்த்தால் வாலில் உள்ள பலகை அசைந்து விமானம் ஏறும், இறங்கும். மற்றபடி அவரைச் சுற்றிச் சுற்றி வரும், அவ்வளவுதான்.

வால்பலகையைப் பிடித்திருந்த துணிக் கீல்கள் மக்கிப்போயிருந்தன. செனாய் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனான யுகேந்திரன் தகரக் கீல் போட்டான், இறுகிக்கொண்டது. நைலான் போட்டான், ஆடியது. அதுவரை சாப்பாட்டு மேசை முழுக்க விமானமும் கருவிகளுமாகவே கிடந்தது.

"கொண்டாங்க, நான் தைச்சுத் தர்றேன். நமக்கு மேசை வேணும்" என்றாள் மனைவி பிரவீனா.

அவள் பல் மருத்துவர். கிளினிக்கில் காலாவதியான தையல் நூல் கிடந்தது. ஈறு தைக்கும் வளைந்த ஊசியால் எட்டு வடிவில் கீலைப் பின்னினாள். பலகை ஊதினாலே அசைந்தது. என்ன, தைக்கக் கொடுக்கும்போதே யுகேந்திரன் பலகையைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டான். அதிலிருந்த இரும்புக் கொம்பு கீழே பார்ப்பதற்குப் பதில் மேலே பார்த்தது. அதை இழுக்கும் உள்கம்பி எட்டவில்லை. கொஞ்சம் வளைத்து மாட்டினான்.

ஞாயிறு காலை, கெலாங் பாத்தா திடலில், நண்பன் காளிதாஸ் இன்ஜினைக் கிளப்பி விமானத்தைப் பிடித்துக்கொண்டான்.

"பலகைய செக் பண்ணியா?"

"மேல கீழ ரெண்டும் ஸ்மூத்தா அசையுது லா."

கையை எந்தப் பக்கம் சாய்த்தால் பலகை எந்தப் பக்கம் அசைகிறது என்று யாரும் கேட்கவில்லை. விமானம் ஓடியது. நடுவில் கைப்பிடியோடு நின்ற யுகேந்திரன் அதை ஏற்றக் கையைச் சாய்த்தான், அது மூக்கைப் புல்லில் குத்தியது. பதறிப்போய் இன்னும் சாய்த்தான். அது இன்னும் குத்தியது. மூக்கிலிருந்த காற்றாடி உடைந்தது. கம்பி தளர்ந்ததில் பின்னால் விழுந்தவன் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டான்.

"அலமாக்" என்றான் காளிதாஸ், கைப்பிடியை அசைத்துப் பார்த்து. "ஏத்துனா இறங்குது."

"நான் தைச்சது நல்லாத்தான் இருக்கு" என்றாள் கூட வந்திருந்த பிரவீனா.

காளிதாஸ் வேறு காற்றாடி மாட்டினான். "கொம்ப வீட்ல போய்த் திருப்பிக்க. இப்ப கைப்பிடிய தலைகீழா பிடிச்சா சரியாயிரும். யார் பிடிக்கிறது?"

யுகேந்திரன் வீங்கிய கையைப் பார்த்தான். பிரவீனா செருப்பைக் கழற்றிவிட்டுத் திடலின் நடுவுக்குப் போனாள். பத்து வருடமாக அடுத்தவர் வாய்க்குள் நடுங்காமல் வேலை செய்த கை அது. விமானம் எழும்பி, இடுப்பு உயரத்தில், கோடு போட்டதுபோல் சுற்றியது. எண்ணெய் தீர்ந்ததும் தானாக இறங்கி உருண்டது. அவளுக்குத் தலை சுற்றியது. புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தாள். யுகேந்திரனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷம் மட்டும் என்று சொல்ல முடியாது.

திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள்.

"அடுத்த வாரம் கொம்பத் திருப்பிர்றேன்" என்றான்.

"வேணாங்க, அப்படியே இருக்கட்டும். எனக்குத் தலைகீழாப் பிடிச்சே பழகிருச்சு." சிக்னலில் நிறுத்தினாள். "அது குட்டிக்கரணம் போடுமா?"

"போடும்" என்றான் யுகேந்திரன், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.